தினமும் தியானம் செய்தவர், தியான அத்தியாயத்தை ஏன் தூக்கினார்? - எரிக் ஃப்ரோம் கதை

1970-களின் நடுப்பகுதி. சுவிட்சர்லாந்தின் லோகார்னோ நகரம். 75 வயதைத் தாண்டிய ஒரு உளவியல் நிபுணர் தன் புதிய புத்தகத்தை முடிக்கும் வேலையில் இருந்தார். புத்தகத்தின் பெயர் 'டு ஹேவ் ஆர் டு பி?'. பொருட்களைச் சேர்த்து வைத்துக்கொள்வதே வாழ்க்கையா, உயிர்ப்போடு இருப்பது வாழ்க்கையா என்பதுதான் அதன் மையக் கேள்வி.

அதற்காக அவர் சில அத்தியாயங்களை எழுதி வைத்திருந்தார். கவனத்தைக் குவிப்பது எப்படி, தியானம் செய்வது எப்படி, தன் மனசைத் தானே ஆராய்வது எப்படி என்று விளக்கும் பகுதிகள். இன்றைய கணக்கில் பார்த்தால், புத்தகத்திலேயே அதிகம் விலைபோகக்கூடிய பகுதி அதுதான். ஆனா, அச்சுக்குப் போவதற்கு முன் அவரே அந்தப் பகுதியை எடுத்துவிட்டார். 1976-ல் புத்தகம் அது இல்லாமலேயே வெளிவந்தது.

தியானத்தின் மீது நம்பிக்கை போய்விட்டதா? இல்லவே இல்லை. அந்த வயதிலும் தினமும் காலையில் தியானமும் சுய ஆய்வும் செய்துகொண்டிருந்தவர் அவர். அப்புறம் ஏன் எடுத்தார்?

மீட்டிங்குக்கும் மீட்டிங்குக்கும் நடுவே மொபைல் ஆப்பைத் திறந்து, 10 நிமிஷம் கண்ணை மூடி உட்காரும் இன்றைய தலைமுறைக்கு இந்தக் கேள்வி ரொம்பவே நெருக்கமானது. பதிலைத் தெரிந்துகொள்ள எரிக் ஃப்ரோமின் வாழ்க்கையைக் கொஞ்சம் பின்னோக்கிப் போய்ப் பார்க்க வேண்டும்.

யார் இந்த எரிக் ஃப்ரோம்?

1900 மார்ச் 23 அன்று ஜெர்மனியின் ஃப்ராங்க்ஃபர்ட் நகரில் பிறந்தார். ஆசாரமான யூதக் குடும்பம். முன்னோர்களில் யூத மத குருமார்கள் பலர். அப்பா ஒயின் வியாபாரி, எதற்கெடுத்தாலும் பதறுபவர். வீட்டுக்கு ஒரே பிள்ளை என்பதால், அந்தப் பதற்றம் முழுக்க எரிக் மேலேயே இறங்கியது.

சிறுவயதில் இரண்டு சம்பவங்கள் அவரை ரொம்பவே உலுக்கின. முதலாவது, குடும்பத்துக்குத் தெரிந்த ஒரு இளம்பெண்ணின் மரணம். அவர் ஓவியர். அப்பா இறந்த கொஞ்ச நாளிலேயே, தன்னை அவருடனே புதைக்க வேண்டும் என்று எழுதி வைத்துவிட்டு உயிரை மாய்த்துக்கொண்டார். ஒரு மனிதருக்கு ஏன் இப்படித் தோன்றுகிறது என்ற கேள்வி, 12 வயதுச் சிறுவனைத் துரத்தியது.

இரண்டாவது, முதல் உலகப் போர். 1914-ல் போர் வெடித்தபோது எரிக்குக்கு 14 வயது. நேற்றுவரை சாதுவாக இருந்த ஆசிரியர்களும் அக்கம்பக்கத்தினரும் ஒரே நாளில் வெறுப்பைக் கக்குவதைப் பார்த்தார். ஒரு தனி மனுஷிக்கு ஏன் அப்படி ஆனது என்பது முதல் கேள்வி. ஒரு முழு தேசத்துக்கும் ஏன் இப்படி ஆகிறது என்பது இரண்டாவது கேள்வி. வாழ்நாள் முழுக்க இந்த இரண்டையும் அவர் பிரித்துப் பார்க்கவே இல்லை. பின்னால் அந்த அத்தியாயத்தை எடுத்ததற்கான காரணமும் இங்கேதான் முளைத்தது.

ஃப்ராய்டும் புத்தரும் ஒரே காலத்தில்

ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தார். 1922-ல் டாக்டர் பட்டம். அங்கேதான் மனநல மருத்துவர் ஃப்ரீடா ரைக்மனுடன் நெருக்கம் ஏற்பட்டது. அவர் எரிக்கைவிடப் பத்து வயது மூத்தவர். எரிக்குக்கு உளப்பகுப்பாய்வு சிகிச்சை அளித்தவரும் அவரே. 1926-ல் இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள். சிகிச்சை அளிப்பவரும் பெறுபவரும் இப்படி உறவுக்குள் போவதை இன்றைய தொழில் நெறிமுறை ஏற்காது. அந்தக் காலத்தில் அந்தக் கோடுகள் இவ்வளவு அழுத்தமாகப் போடப்பட்டிருக்கவில்லை. சில ஆண்டுகளிலேயே இருவரும் பிரிந்தார்கள். ஆனா, நட்பு தொடர்ந்தது.

அதே 1920-களின் நடுவில் அவர் வாழ்க்கையில் மூன்று மாற்றங்கள் அடுத்தடுத்து நடந்தன. யூத மத ஆசாரங்களைக் கைவிட்டார். ஃப்ராய்டின் உளப்பகுப்பாய்வைத் தொழிலாகக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தார். மியூனிக்கில் பயிற்சியில் இருந்தபோது பௌத்த நூல்களைப் படித்து அசந்துபோனார். வெளியிலிருந்து வரும் கட்டளை எதுவும் இல்லாமல், தன் துன்பத்துக்கான காரணத்தைத் தானே கண்டறியச் சொல்லும் ஒரு வழி இருக்கிறது என்பது அவருக்குப் புதுசு. ஆக, ஃப்ராய்டும் புத்தரும் அவர் வாழ்க்கைக்குள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்துவிட்டார்கள்.

1930 வாக்கில் ஃப்ராங்க்ஃபர்ட் சமூக ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தார். ஜெர்மன் தொழிலாளர்களிடம் விரிவான கேள்வித்தாள் கொடுத்து ஒரு ஆய்வு நடத்தினார். இடதுசாரிக் கட்சிகளுக்கு ஓட்டுப்போட்டவர்களில் பலரும், மனசுக்குள் அதிகாரத்துக்கு அடங்கிப்போகும் குணத்தோடுதான் இருந்தார்கள் என்பது தெரியவந்தது. ஓட்டு ஒரு பக்கம், மனசு இன்னொரு பக்கம். 1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். அடுத்த ஆண்டே ஃப்ரோம் அமெரிக்காவில் குடியேறிவிட்டார்.

எல்லோருக்கும் இருந்தால் அது நோய் இல்லையா?

1941-ல் வந்த 'எஸ்கேப் ஃப்ரம் ஃப்ரீடம்' புத்தகம் அவரைப் பிரபலமாக்கியது. சுதந்திரம் கிடைத்தவுடன் மனிதன் சந்தோஷப்படுவதில்லை, தனிமையை உணர்ந்து பயப்படுகிறான். அந்தப் பயத்தில் ஒரு சர்வாதிகாரியிடமோ கூட்டத்திடமோ போய்ச் சரணடைகிறான் என்பதே அதன் சாரம்.

1955-ல் 'தி சேன் சொசைட்டி' வந்தது. இதில்தான் இன்றைய வேலைவாழ்க்கைக்குப் பொருந்தும் ஒரு கருத்தை வைத்தார். ஒரு சமூகத்தில் எல்லோருமே தூக்கம் கெட்டு, பதற்றத்தோடு, தன் வேலையில் ஒட்டுதல் இல்லாமல் இருந்தால், அந்த நிலைக்கு நார்மல் என்று பெயர் வந்துவிடும். எல்லோருக்கும் இருக்கிறது என்பதால் யாரும் அதைக் குறையாகப் பார்ப்பதில்லை. அப்படியென்றால், ஒருவரை அந்தச் சமூகத்துக்குள் சரியாகப் பொருத்திவிடுவதை மட்டும் குணமாக்குதல் என்று சொல்ல முடியுமா?

இந்த இடத்தில்தான் ஃப்ராய்டிடமிருந்து அவர் விலகினார். ஃப்ராய்டின் காலத்தில் கை செயலிழந்துவிட்டது, பார்வை மங்கிவிட்டது, கையைக் கழுவிக்கொண்டே இருக்கிறேன் என்பது போன்ற வெளிப்படையான அறிகுறிகளோடு நோயாளிகள் வந்தார்கள். அறிகுறி போனால் சிகிச்சை முடிந்தது. ஃப்ரோமிடம் வந்தவர்கள் வேறு மாதிரி. நல்ல வேலை, நல்ல வருமானம், குடும்பம் எல்லாம் இருக்கும். ஆனா தூக்கம் வரலை, வேலை பிடிக்கலை, வீட்டில் நிம்மதி இல்லை என்பார்கள். இவர்களுக்கு எந்த அறிகுறியை நீக்குவது? இவர்களுக்குத் தேவைப்படுவது வெறும் நிவாரணம் இல்லை, நலமாக வாழ்தல் என்று ஃப்ரோம் முடிவுக்கு வந்தார். அந்த நலம் எப்படி இருக்கும் என்று மேற்கத்திய மருத்துவம் தெளிவாகச் சொல்லவில்லை. எனவே கிழக்கே திரும்பினார்.

மெக்சிகோவில் ஒரு வாரம்

அவர் கிழக்கைச் சந்தித்த இடம் மெக்சிகோ என்பதுதான் சுவாரஸ்யம். இரண்டாவது மனைவி ஹென்னி கடுமையான மூட்டுவலியால் அவதிப்பட்டார். அங்குள்ள கனிமநீர் ஊற்றுகள் உதவும் என்று 1950-ல் தம்பதி மெக்சிகோவில் குடியேறினார்கள். பலன் இல்லை. 1952-ல் ஹென்னி இறந்துபோனார். அடுத்த ஆண்டு அன்னிஸ் ஃப்ரீமனை மணந்தார் ஃப்ரோம். 1956-ல் எழுதிய 'தி ஆர்ட் ஆஃப் லவ்விங்' உலகம் முழுக்க வாசிக்கப்பட்டது. மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் உளப்பகுப்பாய்வுக்கு ஒரு தலைமுறை மருத்துவர்களை அவர் உருவாக்கினார்.

அந்தச் சமயத்தில் ஜப்பானிய அறிஞர் டி.டி. சுசுகி, நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஜென் பௌத்தம் பற்றிப் பேசிவந்தார். உளவியல் துறையினர் பலருக்கு அவர்மேல் ஈர்ப்பு இருந்தது. 1957 ஆகஸ்டில், மெக்சிகோவின் குவெர்னவாகா நகரில் ஃப்ரோம் ஒரு வாரப் பட்டறையை ஏற்பாடு செய்து சுசுகியை அழைத்தார். சுசுகிக்கு அப்போது 86 வயது. சுமார் 50 மனநல மருத்துவர்களும் உளவியலாளர்களும் வந்திருந்தார்கள். அதற்கு 20 வருஷம் முன்பு உளப்பகுப்பாய்வாளர்கள் ஒரு ஜென் அறிஞரைச் சுற்றி உட்காருவார்கள் என்று சொல்லியிருந்தால், துறையே சிரித்திருக்கும்.

முதல் இரண்டு நாள் வழக்கமான மாநாடு போலத்தான் போனது. பேச்சு, எதிர்ப்பேச்சு, வாதம். போகப்போக அறையின் தன்மையே மாறியது. எல்லோரும் அமைதியாகவும் கூர்மையாகவும் ஆனார்கள் என்று பின்னாளில் ஃப்ரோம் நினைவுகூர்ந்திருக்கிறார். சுசுகி சொன்ன கருத்துகளைவிட, அவர் அங்கே இருந்த விதம்தான் காரணம் என்பது ஃப்ரோமின் கணிப்பு. அந்தப் பட்டறையிலிருந்து பிறந்த 'ஜென் புத்திஸம் அண்ட் சைக்கோஅனாலிசிஸ்' நூல் 1960-ல் வெளியானது.

இரண்டும் எங்கே சேருது? எங்கே பிரியுது?

தியானமும் தெரபியும் ஒண்ணுதான் என்று ஃப்ரோம் சொல்லவில்லை. இதைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

அவர் பார்வையில் நாம் உலகை நேரடியாகப் பார்ப்பதே இல்லை. நாம் பேசும் மொழி, நாம் பழகிய தர்க்கம், எதை நினைக்கலாம் எதை நினைக்கக்கூடாது என்று சமூகம் போட்ட தடை - இந்த மூன்றும் சேர்ந்து ஒரு வடிகட்டியாக நடுவில் நிற்கின்றன. வடிகட்டியைத் தாண்டி வருவது மட்டும்தான் நம் உணர்வுக்கு எட்டும். மீதி எல்லாம் அடியில் தங்கிவிடும். உளப்பகுப்பாய்வு அந்த அடியில் தங்கியதை மேலே கொண்டுவரப் பார்க்கிறது. ஜென், அந்த வடிகட்டி இல்லாமலேயே பார்க்கச் சொல்கிறது. வழி வேறு, போகும் திசை ஒன்று. இதுதான் அவர் சொன்ன இணைப்பு.

இரண்டும் ஒன்றுக்கொன்று காவலாகவும் இருக்கும் என்றார். எப்படி? தெரபி மட்டும் என்றால், என் சின்ன வயசில் இது நடந்தது, அதனால்தான் நான் இப்படி என்று மூளையால் தெரிந்துகொள்வதோடு விஷயம் முடிந்துபோகலாம். காரணம் தெரியும், வாழ்க்கை மாறாது. ஜென் காட்டும் நேரடி அனுபவம் அந்த இடத்தில் உதவும். இன்னொரு பக்கம், தியானம் மட்டும் என்றால், ஒரு கிறக்கத்தையோ மனக் குழப்பத்தையோ ஞானம் என்று நம்பி ஏமாற வாய்ப்பிருக்கிறது. அந்தச் சுய ஏமாற்றைக் கண்டுபிடிக்க உளப்பகுப்பாய்வு உதவும்.

தன் சிகிச்சை அறையிலும் இதைக் காட்டினார். ஃப்ராய்டின் வழக்கப்படி நோயாளியைச் சோபாவில் படுக்கவைத்து, கண்ணில் படாமல் பின்னால் உட்காரும் முறையை விட்டுவிட்டு, முகத்துக்கு முகம் பார்த்துப் பேசினார். எதிரில் இருப்பவரை முழுக் கவனத்தோடு கேட்பதே ஒருவகைப் பயிற்சிதான் அவருக்கு.

பக்கத்து ஊர்க்காரர் கண்டியில் துறவி

1966-ல் ஃப்ரோமுக்கு மாரடைப்பு வந்தது. அதன்பின் மெல்ல மெல்லச் சுவிட்சர்லாந்து பக்கம் வாழ்க்கையை மாற்றிக்கொண்டார். அங்கே 1970-களில் அவருக்கு நெருக்கமானவர்களில் ஒருவர் ஞானபோனிக தேரர்.

பெயரைக் கேட்டால் இலங்கைக்காரர் போலத் தோன்றும். அவரது இயற்பெயர் சீக்முண்ட் ஃபெனிகர். 1901-ல் பிறந்தவர். சொந்த ஊர், ஃப்ராங்க்ஃபர்ட் பக்கத்திலேயே இருக்கும் ஹனாவ். அவரும் யூதக் குடும்பம்தான். 1936-ல் இலங்கைக்குப் போய், தொடந்துவைக்கு அருகே உள்ள தீவு மடத்தில் துறவியானார். இரண்டாம் உலகப் போரில், ஜெர்மன் குடிமகன் என்ற காரணத்துக்காக ஆங்கிலேயர்கள் அவரைப் பிடித்து முகாமில் அடைத்தார்கள். அதில் பெரும்பகுதி இந்தியாவின் டேராடூன் முகாமில் கழிந்தது. போருக்குப் பின் பர்மாவில் மகாசி சயாதோவின் விபாசனா முறையைப் பயின்றார். பின்னர் கண்டியில் ஒரு காட்டுக் குடிலில் குடியேறி, 1958-ல் பௌத்த நூல் வெளியீட்டுச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரானார்.

ஏறக்குறைய ஒரே வயது, ஒரே வட்டாரம், ஒரே சமூகப் பின்னணி. ஒருவர் ஃப்ராய்டிடம் போனார், இன்னொருவர் புத்தரிடம் போனார். முதுமையில் இருவரும் சந்தித்துப் பேசிக்கொண்டார்கள். தேரர் சொல்லிக்கொடுத்தது ரொம்ப எளிமையான விஷயம்: நடப்பதை நடப்பதாகவே கவனிப்பது. கோபம் வந்தால், கோபம் வருகிறது என்று பார்ப்பது. உடனே தீர்ப்பு சொல்லாமல், நியாயப்படுத்தாமல் பார்ப்பது. சடங்கோ குருபக்தியோ தேவைப்படாத இந்த விழிப்புணர்வு முறைதான் ஃப்ரோமுக்கு ஜென்னைவிடவும் நடைமுறைக்கு ஏற்றதாகப் பட்டது.

சரி, அத்தியாயத்தை ஏன் எடுத்தார்?

இப்போது முதல் கேள்விக்கு வரலாம். 1970-களில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் தியான வகுப்புகள், குருமார்கள், சுய முன்னேற்றப் பட்டறைகள் என்று ஒரு பெரிய சந்தையே உருவாகியிருந்தது. காசு கொடுத்தால் வலியில்லாமல், உழைப்பில்லாமல் சில வாரங்களில் நிம்மதி கிடைக்கும் என்ற வாக்குறுதி. ஃப்ரோம் இதைக் கடுமையாக விமர்சித்தார். உடலைத் தளர்த்தி நிதானப்படுத்தும் பயிற்சி ஒரு வகை. பேராசை, வெறுப்பு, மயக்கம் ஆகியவற்றை வேரோடு பார்க்கும் பௌத்த தியானம் இன்னொரு வகை. முதலாவது கெட்டதில்லை. ஆனா, அதை இரண்டாவதாக விற்பது மோசடி என்பது அவர் கருத்து.

அதனால்தான் தன் அத்தியாயங்கள் மீதே அவருக்குச் சந்தேகம் வந்தது. அவற்றைப் படிப்பவர்கள், காலையில் உட்கார்ந்து மூச்சைக் கவனித்தால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று எடுத்துக்கொண்டால்? மனிதர்களை இந்த நிலைக்குத் தள்ளும் வேலைமுறை, நுகர்வு வெறி, பொருளாதார அமைப்பு எதையும் தொடாமல், ஒவ்வொருவரும் தனித்தனியாக நிம்மதி தேடிக்கொண்டால் போதும் என்று ஆகிவிடுமே? புத்தகத்தின் மற்ற பாதி சமூகம் மாற வேண்டியதைப் பற்றிப் பேசியது. தியானப் பகுதி அந்தப் பாதியை விழுங்கிவிடும் என்று பயந்தார். எடுத்துவிட்டார். இந்தக் காரணத்தை, அவரது கடைசி உதவியாளர் ரெய்னர் ஃபுங்க் பிற்பாடு பதிவு செய்தார்.

1980 மார்ச் 18 அன்று, 80-வது பிறந்தநாளுக்கு ஐந்து நாள் முன்பு, லோகார்னோவை ஒட்டிய முரால்டோவில் ஃப்ரோம் இறந்தார். எடுத்துவைத்த பக்கங்கள் 1989-ல் ஜெர்மன் மொழியிலும், பின்னர் 'தி ஆர்ட் ஆஃப் பீயிங்' என்ற பெயரில் ஆங்கிலத்திலும் வெளிவந்தன.

விமர்சனம் இல்லாமல் இல்லை

ஃப்ரோமை எல்லோரும் கொண்டாடவில்லை. ஃப்ராங்க்ஃபர்ட் நிறுவனத்தின் பழைய சகா ஹெர்பர்ட் மார்க்யூஸ, ஃப்ராய்டின் கூர்மையை மழுங்கடித்து, நல்லுபதேசம் செய்பவராக ஃப்ரோம் மாறிவிட்டார் என்று 1955-ல் தாக்கினார். ஃப்ரோம் அறிந்த ஜென், பெரும்பாலும் சுசுகி மேற்கத்தியர்களுக்காக எளிமைப்படுத்திச் சொன்ன ஜென் என்ற விமர்சனமும் உண்டு. மடங்கள், சடங்குகள், ஒழுக்க விதிகள் என்று ஆசியாவில் வாழும் பௌத்தம் அதில் அதிகம் தெரியாது. இரண்டுமே புறக்கணிக்க முடியாத விமர்சனங்கள்தான்.

இன்று நமக்கு என்ன?

ஃப்ரோம் இறப்பதற்கு ஒரு ஆண்டு முன்பு, 1979-ல், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜான் கபட்-ஜின் மன அழுத்தக் குறைப்பு மையத்தைத் தொடங்கினார். பௌத்த விழிப்புணர்வுப் பயிற்சி மருத்துவமனைக்குள் நுழைந்தது அங்கிருந்துதான். அடுத்து, மனச்சோர்வு திரும்பத் திரும்ப வருபவர்களுக்காக, அந்தப் பயிற்சியையும் அறிவாற்றல் சிகிச்சையையும் சேர்த்த முறை உருவானது. இன்று அது ஆய்வுகளால் ஆதரிக்கப்படும் சிகிச்சை. பலருக்கு நிஜமாகவே உதவியிருக்கிறது.

அதே சமயம், ஃப்ரோம் பயந்ததும் நடந்தது. ஊழியர்களின் வேலைநேரத்தையோ இலக்கையோ குறைக்காமல், தியான வகுப்பை மட்டும் இலவசமாகத் தரும் நிறுவனங்கள் வந்துவிட்டன. சுமையைக் கொடுப்பதும் அவர்களே, சுமையைத் தாங்கப் பயிற்சி கொடுப்பதும் அவர்களே. இதை அமெரிக்காவில் மெக்மைண்ட்ஃபுல்னெஸ் என்று கிண்டலாகச் சொல்கிறார்கள். ஃபாஸ்ட் ஃபுட் மாதிரி ஃபாஸ்ட் தியானம்.

அப்போ தியானத்தை விட்டுவிடலாமா? ஃப்ரோம் அப்படிச் சொல்லவில்லை. 'தி ஆர்ட் ஆஃப் லவ்விங்' நூலிலேயே ஒரு எளிய பயிற்சியைத் தந்திருக்கிறார். தளர்ந்தும் விடாமல், விறைத்தும் போகாமல் உட்காருங்கள். கண்ணை மூடுங்கள். எதிரே ஒரு வெள்ளைத் திரை இருப்பதாக நினையுங்கள். குறுக்கே வரும் எண்ணங்களை ஒதுக்கப் பாருங்கள். மூச்சைக் கட்டுப்படுத்த வேண்டாம். அது போய்வருவதை உணர்ந்தால் போதும். காலையில் 20 நிமிஷம், தூங்கும் முன் மறுபடி கொஞ்ச நேரம். அவ்வளவுதான்.

இதோடு இன்னொரு பழக்கத்தையும் அவர் வற்புறுத்தினார். தினமும் கொஞ்ச நேரம் நேர்மையாகத் தன்னையே விசாரிப்பது. இன்று எதற்காகக் கோபப்பட்டேன்? எதை மறைத்தேன்? எதற்குப் பயந்து சரி என்று தலையாட்டினேன்? இப்படிக் கேட்கும்போது வரும் பதில்களில் சில, நம் மனசு சம்பந்தப்பட்டதாக இருக்கும். அதை நாம்தான் சரிசெய்ய வேண்டும். தேவைப்பட்டால் மனநல மருத்துவரின் உதவியோடு. சில பதில்கள், நம் வேலை, சம்பளம், வீட்டில் வேலையைப் பங்கிடும் விதம் என்று வெளியே இருக்கும். அதற்கு மூச்சுப் பயிற்சி மருந்தாகாது. மேனேஜரிடம் பேச வேண்டியிருக்கலாம், சக ஊழியர்களோடு சேர்ந்து கேட்க வேண்டியிருக்கலாம், வேலையையே மாற்ற வேண்டியிருக்கலாம்.

எது உள்ளே மாற வேண்டியது, எது வெளியே மாற வேண்டியது என்று பிரித்துப் பார்க்கும் தெளிவைத் தருகிறதா என்பதுதான், ஃப்ரோம் வழியில் ஒரு தியானத்தை எடைபோடும் அளவுகோல். அந்தத் தெளிவு வந்தபிறகும் உட்கார்ந்தே இருந்தால், அதை அவர் தியானம் என்று ஒத்துக்கொண்டிருக்க மாட்டார். அணு ஆயுதங்களுக்கு எதிரான இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவராக, போர் எதிர்ப்பு மேடைகளில் பேசுபவராக இருந்த அதே மனிதர்தான், தினமும் காலையில் கண்ணை மூடி உட்கார்ந்தார். அவருக்கு இரண்டும் ஒரே வேலையின் இரண்டு பாதிகள்.